காய்ச்சல் இறங்கிய பிறகு

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தானுக்கு இருமல் விட்டதா?

திடீரென்று கடிதமா என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால் நாம் இருவரும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு வைத்துவிடுகிறோம். நாலு வருஷமாக அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

இங்கே கட்டடம் பதிமூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. இன்னும் பதினொன்று பாக்கி. லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றுபோய் கொசு மொய்க்கிறது. சுகாதாரத் துறையிலிருந்து வந்து எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்கள். மறுநாள் மழை பெய்து அதையும் அடித்துக்கொண்டு போனது. தங்கும் கொட்டகையில் மூன்று பேருக்கு மலேரியா. இரண்டு பேர் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். ஒருவனுக்கு மட்டும் முற்றிவிட்டது. கண் மஞ்சளாகி, நினைவு தப்பி, பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். நடுவில் மூச்சுவிடவும் முடியவில்லை, நெஞ்சில் தண்ணீர் கோத்துவிட்டது என்றார்கள். இப்போது திரும்பி வந்துவிட்டான்.

அங்கே எடுத்த ஈ.சி.ஜி.யின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என் நண்பனுடையது. பத்தொன்பது வருஷமாக நீ செய்வதே இந்த வேலைதானே, பார்த்துச் சொல். மலேரியா என்றால் ரத்தம், கல்லீரல் என்பார்கள். நெஞ்சை எதற்குப் படம் எடுத்தார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜூலை 20

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துதான் பிரித்தேன். இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அத்தானின் இருமல் இப்போது குடும்பத்தில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது, அது இல்லாவிட்டால் எங்கே போனது என்று தேடுவோம்.

நேற்று மட்டும் எண்பத்து மூன்று பேர். ஒரே கட்டில், ஒரே மெஷின், நான் ஒருத்தி. சட்டையைக் கழற்றுங்கள், மூச்சை இழுக்காதீர்கள், அசையாதீர்கள் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தால் அத்தானிடம் வாய் திறக்கப் பிடிப்பதில்லை. ஒரு பெரியவர் "கரண்ட் அடிக்குமாம்மா?" என்று கேட்டார். "அடிச்சா எனக்கும் சேர்த்துத்தான் அடிக்கும், படுங்க" என்றேன்.

நீ அனுப்பிய நகலைப் பார்த்தேன். நான் படம் எடுப்பவள், அர்த்தம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் கண் பழகிவிட்டது. துடிப்பு வேகமாக இருக்கிறது. மேலே எழ வேண்டிய அலைகள் கீழே குப்புற விழுந்திருக்கின்றன. இரண்டு இடத்தில் தாளம் தப்பியிருக்கிறது. எங்கள் இதய டாக்டரம்மாவிடம் காட்டினேன். கையில் டீயோடு பார்த்தவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மலேரியா முற்றும்போது கிருமி புகுந்த ரத்த அணுக்கள் பிசுபிசுத்துப்போய் மெல்லிய ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொள்ளுமாம். மூளையில் ஒட்டினால் நினைவு தப்பும். இதயத் தசையிலும் ஒட்டலாம். அப்போது தசைக்குப் போக வேண்டிய ரத்தம் போகாது. காய்ச்சலின் சூட்டில் தசையே வீங்கித் தளர்ந்தும் போகும். "காய்ச்சல் போச்சு, நோய் போச்சுன்னு கிளம்பிடுவாங்க. ஆனா இதயம் அடிபட்ட ஆள் மாதிரி உள்ளே படுத்துக் கிடக்கும்" என்றார். பெரும்பாலும் ஓய்வு கொடுத்தால் மெல்ல எழுந்துவிடுமாம். ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கினால் தாளம் கெட்டு, சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் போடலாம். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை படி ஏறக் கூடாது, பளு தூக்கக் கூடாது.

நகலில் பெயர் இருக்கும் மூலை கிழிந்திருக்கிறது. வயது மட்டும் தெரிகிறது, முப்பத்தாறு. உனக்கும் முப்பத்தாறு.

உன் நண்பரிடம் சொல். உடனே சொல்.

அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. எல்லாரும் சுகம் என்று அறிந்ததில் நிம்மதி. நானும் சுகமே. இங்கே வெயிலும் மழையும் மாறி மாறி வருகிறது. சிமெண்ட் மூட்டைகளை மூடுவதும் திறப்பதுமே ஒரு வேலையாகப் போய்விட்டது.

நீ எழுதியதை நண்பனிடம் சொன்னேன். எக்கோ எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலும் ஒரு சீட்டு கொடுத்தார்களாம், அது எங்கேயோ இருக்கிறதாம். கம்பெனி டாக்டர் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல, வேலைக்குப் போகலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். போன வாரத்திலிருந்து வேலைக்குப் போகிறான். கவலைப்படாதே, உட்கார்ந்து செய்யும் வேலைதான். வேலையை விட்டால் கொட்டகையில் இடமும் போய்விடும். அவனுக்குப் போக வேறு இடம் இல்லை.

கொஞ்சம் களைப்பாக இருக்கிறான். காய்ச்சல் வந்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

ஒன்று மட்டும் டாக்டரம்மாவிடம் கேட்டு எழுது. வேலை செய்துகொண்டிருக்கும்போது மயக்கம் வருவதாக இருந்தால், அதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா? சமாளிக்க நேரம் கிடைக்குமா?

உன் தம்பி


ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் காகிதத்தை எடுத்தேன். கேட்டால் சுகமே என்று எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

டாக்டரம்மா சொன்ன பதில்: சில பேருக்குப் படபடப்பும் கண் இருட்டலும் முன்னால் வரும். சில பேருக்கு எதுவும் வராது.

இனி நண்பன் கதை வேண்டாம். நீ செய்வது நின்றபடி செய்யும் வேலை என்று எனக்குத் தெரியும். நான் கவலைப்படக் கூடாது என்று உட்கார்ந்த வேலையாக மாற்றி எழுதியிருக்கிறாய். கிழிந்த மூலையை எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? பெயரை மறைத்தால் அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? இப்படி மறைக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

அப்பாவுக்கு நெஞ்சு வலித்த அன்று நானே மெஷினில் படுக்க வைத்துப் படம் எடுத்தேன். காகிதம் வெளியே வர வர எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உனக்குப் போன் செய்து என்ன சொன்னேன்? "ஒன்னுமில்ல, வாயுதான் போல. வேலையை முடிச்சுட்டு மெதுவா வா." நீ மெதுவாக வந்தாய். அப்பா முந்தின நாளே போய்விட்டார். எல்லாம் முடிந்த பிறகு கிணற்றடியில் நின்று நீ கேட்டாய், "பேப்பர்ல தெரிஞ்சுதாக்கா?" என்று. தெரியவில்லை என்றேன்.

தெரிந்தது, தம்பி. அவ்வளவு தூரம் நீ பதறிக்கொண்டு தனியாக வர வேண்டாமே என்று நினைத்தேன். நான் யார் அதை முடிவு செய்ய? நாலு வருஷமாகக் கட்டிலில் யார் வந்து படுத்தாலும் உன் கேள்வி காதில் விழுகிறது.

அதனால் இந்தத் தடவை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் காகிதத்தில் இருக்கும் இதயம் வேலை செய்யும் நிலையில் இல்லை. கிளம்பி வா. இங்கே எக்கோ எடுக்கலாம். வேலை போனால் போகட்டும். வீட்டில் இடம் இருக்கிறது. உனக்கில்லாத இடமா?

அக்கா


செப்டம்பர் 12

தம்பிக்கு,

இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. உன் போன் அணைந்தே இருக்கிறது. வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது தெரியும், ஆனால் ராத்திரி எட்டு மணிக்குமா வேலை?

அப்பாவைப் பற்றி எழுதியது கோபம் என்றால் திட்டியாவது எழுது. ஒரு வரி போதும். உயிரோடு இருக்கிறேன் என்று எழுது.

அத்தான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நன்றாகவே இருக்கிறேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் இல்லை. போன் சிமெண்ட் தண்ணீரில் விழுந்துவிட்டது.

அந்தக் காகிதம் என்னுடையது இல்லை, அக்கா. நண்பன் என்று எழுதியது கதை இல்லை. உன்னை இத்தனை நாள் தவிக்க விட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவனிடம் வாய் விட்டு வாக்குக் கொடுத்திருந்தேன், அவன் யார், என்ன வேலை என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று. பெயர் இருந்த மூலையைக் கிழித்ததும் அவன்தான். உன் கடைசிக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான், உன்னிடம் மட்டும் சொல்லலாம் என்றான்.

அவனை எல்லாரும் ஆகாசம் என்று கூப்பிடுவோம். டவர் கிரேன் ஓட்டுகிறான். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் கீழே வருவான். மூன்று வருஷமாக நானும் அவனும் ஒரே அறை. அவன் மேலே இருந்து சுமையைத் தூக்குவான், நான் கீழே நின்று கையால் சைகை காட்டுவேன்; கையில் கொடி இல்லாவிட்டாலும் என்னைக் கொடிக்காரன் என்பான். தூக்கு, இறக்கு, இடது பக்கம், மெதுவாக. வாக்கிடாக்கி இருக்கிறது, ஆனால் அவன் என் கையைத்தான் பார்ப்பான். உட்கார்ந்து செய்யும் வேலை என்றேன், பொய் இல்லை. அந்த நாற்காலிக்குப் போக இருநூற்றுப் பதினாறு படி, நெட்டுக்குத்தாக இரும்பு ஏணி. அதை எழுதாமல் விட்டேன்.

முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறுவான். இப்போது நான்கு இடத்தில் நின்று கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறான். கீழே இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிறானாக்கும் என்று நினைக்கிறார்கள்.

உன் ஆகஸ்ட் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். அப்பா பற்றிய பகுதியை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அவன், "நிறுத்தாத, முழுசாப் படி" என்றான். "உனக்கில்லாத இடமா" என்று முடித்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு, "உங்கக்கா ஆள் மாத்தி எழுதிட்டாங்க. ஆனா நல்லாருக்கு" என்றான்.

மேலதிகாரியிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சொன்னா அன்னிக்கே என் பெட்டியை வெளியே வச்சிருவாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல சரியாயிடும். நீ வாயை மூடிக்கிட்டிருந்தாலே போதும்" என்கிறான். நான் என்ன செய்யட்டும்?

அப்பாவைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள் வீணாகிவிட்டது. நேரில் வரும்போது பேசுகிறேன். கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

தம்பி


செப்டம்பர் 29

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை ஈ.சி.ஜி. அறையிலேயே பிரித்துப் படித்தேன். கட்டிலில் ஆள் படுத்திருந்தார். "ஏம்மா அழுறீங்க, எனக்கு அவ்வளவு மோசமா இருக்கா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சமாதானம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நீ இல்லை என்று தெரிந்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நீ இல்லை என்றால் வேறு ஒரு தாய் பெற்ற பிள்ளை. அந்தக் காகிதம் மாறவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். சொல்லிவிடு. வாக்குக் கொடுத்தாய் என்பது புரிகிறது. நானும் நல்ல எண்ணத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். தம்பி, அவர் தூக்கும் சுமைக்குக் கீழே நிற்பது நீ. அந்த ஆபத்தை நீ எழுதவில்லை. நானாகத்தான் படம் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆகாசம் தம்பிக்கு இரண்டு வரி. தம்பி, ஆள் மாறி எழுதியது உண்மை. எழுதியது எதையும் திருப்பி வாங்கிக்கொள்ளப் போவதில்லை. டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். வாசல் அறை காலியாகத்தான் கிடக்கிறது, பழைய பேப்பரை ஒதுக்கினால் கட்டில் போடலாம். நீங்கள் வந்தால் நான் யார் என்ன என்று கேட்க மாட்டேன். மூச்சை இழுக்காதீர்கள், அசையாதீர்கள் என்று மட்டும்தான் சொல்வேன்.

பதில் போடு. ஒரு மாதம் எடுத்துக்கொள்ளாதே.

அக்கா


நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலேயே எடுத்துக்கொண்டுவிட்டேன். மன்னித்துவிடு. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் இருவர் நலமும் எழுது.

அக்டோபர் முழுக்க நான் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அவன் ஏறினான். நான் கை காட்டினேன். வேலை நடந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால். இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வீசினேன். அதற்கு அர்த்தம், எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து என்பது. அந்தச் சைகையை யார் காட்டினாலும் ஆப்பரேட்டர் கேட்டே ஆக வேண்டும். மூன்று வருஷத்தில் நான் காட்டியதில்லை. அவன் நிறுத்தினான். கட்டை மெல்ல இறக்கச் சொன்னேன், இறக்கினான். பிறகு கைகளை மறுபடி விரித்து, கீழே போடாமல் அப்படியே நின்றேன். மேஸ்திரி கத்தினார். கம்பி கட்டுகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் பார்த்தார்கள். என்ஜினியர் ஓடி வந்து, "என்னய்யா ஆச்சு, கை சுளுக்கிக்கிச்சா?" என்றார். "மேல இருக்கிறவனுக்கு நெஞ்சு சரியில்ல சார். அவன் இறங்கி வர்ற வரைக்கும் கையை எடுக்க மாட்டேன்" என்றேன்.

அவன் இறங்கி வர முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்து, "நீயுமா?" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. அவன் சொன்னதுபோலவே மறுநாள் கணக்கை முடித்துவிட்டார்கள்.

ஏன் அன்றைக்கு, ஏன் அதற்கு முன்னால் இல்லை என்று கேட்காதே.

உன் விலாசத்தை எழுதி அவன் தலையணையில் வைத்தேன். கிழித்துப் போடுவான் என்று நினைத்தேன், சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நாளைக் காலை ரயில் ஏறுகிறான். உன் வீட்டுக்குத்தான் வருகிறான் என்று நினைக்கிறேன். அவன் சொல்லவில்லை.

தம்பி


நவம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். வந்து சேர்ந்துவிட்டார். ஒரு பெட்டியோடு வாசலில் நின்று, "ஆள் மாறி வந்திருக்கேன்" என்றார். அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குப் புரிந்தது.

வாசலில் இரண்டே படிதான். அதில் ஏறவே கதவைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் கூட்டிப் போய் முதல் ஆளாகக் கட்டிலில் படுக்க வைத்தேன். நல்ல உயரம், ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். காகிதம் ஓடத் தொடங்கியதும், "எப்படியிருக்குக்கா?" என்றார். டாக்டர் சொல்வார் என்பதுதான் நாங்கள் சொல்ல வேண்டிய பதில். பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்த பதில். "நல்லா இல்ல தம்பி" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பயப்படவில்லை. ஏதோ பாரம் இறங்கின மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

எக்கோவும் எடுத்தாகிவிட்டது. உள்ளே வரும் ரத்தத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்தையாவது இதயம் வெளியே தள்ள வேண்டும். அவருடையது முப்பத்திரண்டு தள்ளுகிறது. மலேரியாவுக்கு முன்பே இருந்த கோளாறா என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். இல்லை, போன வருஷப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. காய்ச்சல் விட்டதும் இரண்டு மாதம் படுத்திருந்தால் இந்நேரம் பாதிக்கு மேல் தேறியிருக்கும் என்றார். மாத்திரை, உப்பு குறைத்த சாப்பாடு, ஓய்வு. முழுசாகத் தேறுமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாததா.

உன்னைப் பற்றி அவர் பேசுவதில்லை. நானும் எடுப்பதில்லை. அத்தான் மட்டும் சாப்பிடும்போது, "என் மச்சான் நல்லவன், கொஞ்சம் அழுத்தக்காரன்" என்றார். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அழுத்தந்தான்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

களைப்பாக இருக்கிறது. தூங்கப் போகிறேன்.

அக்கா


பிப்ரவரி 2

கொடிக்காரனுக்கு,

சுகமா? நான் இருக்கிறேன். உன் அக்கா சுகம். அத்தான் இருமுகிறார்.

நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

முந்தாநாள் மறுபடி எக்கோ எடுத்தார்கள். நாற்பத்தாறு. டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். கிரேன் ஏணியில் ஏறலாமா என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உன் அக்கா பக்கத்தில்தான் நின்றார். வெளியே வந்ததும் அக்காவே சொன்னார். "இனிமே ஏறுவீங்கன்னு எனக்குத் தோணல தம்பி. பொய் சொல்ல மாட்டேன்." ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுப்பவில்லை.

ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். போன மாதத்திலிருந்து அவர் ஸ்டூலில் நான். நாலு மாடி. ஆளை மேலே தூக்கிக் கீழே இறக்குகிறேன். யாரும் கை காட்டுவதில்லை, வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு அறையும் பார்த்தாகிவிட்டது.

நீ கையை விரித்த அன்று உன்னைக் கொன்றுபோட வேண்டும்போல் இருந்தது. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உன்னைத் திட்டினேன். மூன்று வருஷம் ஒரே அறையில் படுத்தவன், ஊரைக் கூட்டி என்னை இறக்கிவிட்டான் என்று. உன் அக்கா வீட்டில் சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலை நீ கையை விரிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கம்பிக் கட்டைத் தூக்கின சமயத்தில், எனக்குக் கண் இருட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் தெளிந்தபோது கட்டு நான் விட்ட இடத்தில் இல்லை, நீ நின்ற இடத்துக்கு நேர் மேலே வந்திருந்தது. இரண்டு டன். லீவர் என் கையிலேயே இருந்தது. உடனே உன்னை நகரச் சொல்லியிருக்க வேண்டும். வாக்கிடாக்கி மடியில்தான் கிடந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாய். கேட்டால் வேலை போய்விடும். அதனால் ஒன்றும் சொல்லாமல் மேலே தூக்கினேன்.

அதற்கப்புறம்தான் நீ கையை விரித்தாய்.

உன் அக்கா எனக்குச் சோறு போடும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடலாமா என்று பார்ப்பேன். அவரிடம் சொல்லத் தைரியம் இல்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன். இனி நீ பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.

ஆகாசம்


பிப்ரவரி 13

ஆகாசத்துக்கு,

நான் சுகம். நாற்பத்தாறு என்று படித்ததும் அந்த வரியை மேஸ்திரியிடம் காட்டினேன். அவர், "நூத்துக்கு நாப்பத்தாறுதானா?" என்றார். விளக்கிச் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

கட்டடம் இருபதாவது மாடி. லிஃப்ட் குழியை ஒரு வழியாக மூடிவிட்டார்கள். உன் இடத்துக்கு ஒருவர் வந்திருக்கிறார். அவர் என் கையைப் பார்ப்பதில்லை, வாக்கிடாக்கியில்தான் பேச வேண்டும். தொண்டை கட்டிக்கொள்கிறது.

நீ எழுதியது எனக்குத் தெரியும். கட்டு நகர்ந்ததை நான் பார்த்தேன். அன்று காற்றே இல்லை. சும்மா இருந்த கட்டு தானாக நகர்ந்து வந்து என் தலைக்கு மேலே நின்று ஆடியது. நீ ஒரு நாளும் சுமையை ஆடவிட்டதில்லை. அப்போதே புரிந்துவிட்டது, மேலே நீ இல்லை என்று. கால் நகரவில்லை எனக்கு. அந்தக் கட்டு மறுபடி மேலே கிளம்பிய பிறகுதான் நாலடி விலகினேன். விலகி நின்றதும் கையை விரித்தேன்.

அதனால் உன் நெஞ்சுக்காக அதைச் செய்தேன் என்று நினைக்காதே. என் தலைக்காகச் செய்தேன். செப்டம்பரிலேயே அக்கா சொல்லிவிடு என்று எழுதியிருந்தாள். அக்டோபர் முழுக்க நீ ஏணியில் எங்கெங்கே நின்றாய் என்று கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் நாலு இடம், பிறகு ஐந்து, கடைசி வாரம் ஏழு. நீ நின்றபோதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. உன் உயிர் போகிற மாதிரி இருந்தவரைக்கும் வாக்குப் பெரிதாகத் தெரிந்தது. என் உயிர் என்றதும் வாக்குப் பறந்துவிட்டது. ஏன் அன்றைக்கு என்று கேட்காதே என அக்காவுக்கு எழுதியது இதனால்தான். அவள் என்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தான் நல்லவன் என்றாராமே. நீ அழுத்தம் என்றது சரி.

அக்காவிடம் நீயும் சொல்ல வேண்டாம், நான் வந்து சொல்கிறேன். அவளிடம் பேச எனக்கு வேறு பேச்சும் பாக்கி இருக்கிறது. ஏப்ரலில் பத்து நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். வந்ததும் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவேன். நாலாவது மாடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் லிஃப்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். நீ பேசினால் பேசுவோம். கூட்டமாக இருந்தால் சும்மா கூட வந்துகொண்டிருக்கிறேன்.

மாத்திரையை விடாதே.

உன் அறைக்காரன்